படிக்கட்டுச் சேலை

கவரைப்பேட்டை,
9.6.2025

திருமதி பூவம்மாள் அவர்களுக்கு,

உன் தம்பி ஆதிநாராயணன் எழுதுவது. பதினோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இங்கே யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இல்லை. கன்னியம்மாவுக்கு வலது முழங்கால். அங்கே நீ, மாமா, நர்மதா, பேத்தி எல்லாரும் எப்படி என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். நர்மதா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக நான் ஒரு சேலை வைத்தேன். துருச் சிவப்பில் சாம்பல் நிற நெல்மணிகள். அதை அவள் ஐந்து நிமிடம்கூட உடுத்தவில்லை. உடுத்தாத சேலை வாங்கிக்கொண்டவளுடையது ஆகாது, கொடுத்தவனுடையதுதான். ஒரு வேலைக்காக அது எனக்கு வேண்டும். தபாலில் அனுப்பு. ஸ்டாம்பு உள்ளே வைத்திருக்கிறேன்.

போன் செய்யாதே. என் இரண்டு காதையும் கம்பெனி எடுத்துக்கொண்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஆ. ஆதிநாராயணன்
ஹெல்பர் (ஓய்வு)


மணவாள நகர்,
21.6.2025

தம்பி ஆதிக்கு,

திருமதியாம்! உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான். தபால்காரர் உறையை நீட்டியதும் உன் 'ஆ'வைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தூண்டில் முள் மாதிரி இன்னும் அப்படியேதான் வளைக்கிறாய்.

இங்கே எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். வலது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாமா காலையில் பேப்பர் படித்துவிட்டு, அதே பேப்பரைச் சாயங்காலமும் படிக்கிறார். நர்மதாவும் பிருந்தாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை கோபால் ஓசூரிலிருந்து மாதம் இரண்டு முறை வருகிறார். பிருந்தா நாலாவது முடித்துவிட்டாள்.

நீயும் நானும் பேசாவிட்டாலும் கன்னியம்மாவும் நானும் போனில் பேசாத நாள் இல்லை என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. இப்போது தெரிந்துகொள். போன வாரம் சொன்னாள்: "அண்ணி, உங்க தம்பி நாஷ்டா துண்ணுட்டு கம்ப்யூட்டர் முன்னால குந்துனாருன்னா வெளக்கு வெக்கிறப்பதான் எழுந்துக்கிறாரு. இன்னா பண்றீங்கன்னா, பொம்மைங்களுக்குத் துணி போட்டுக்கினு கீறேன்றாரு."

அறுபத்தாறு வயதில் பொம்மைக்குத் துணியா? அதைப் பற்றி எழுது. படிக்க எனக்கு ஒரு கண் போதும்.

ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு மாவட்டத்துக்குள் தபால் போட எனக்கு வக்கில்லாமல் போகவில்லை.

உன் அக்கா,
பூவம்மாள்


கவரைப்பேட்டை,
2.7.2025

அக்காவுக்கு,

புரை எடுத்த கண்ணில் தூசி படவிடாதே. எனக்கு நேற்று ரத்த அழுத்தம் கூடியிருந்தது. உன் கடிதத்தில் சேலையைப் பற்றி ஒரு வரி இல்லாததும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

பொம்மை இல்லை. அவதார் என்று பெயர். ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் உலகத்தில் எங்கோ ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மகன் மோகன்ராஜ் பெங்களூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில் நானே தேடி அந்த உலகத்தைக் கண்டுபிடித்தேன். எந்த மகனும் சொல்லித்தரவில்லை. காது போனபிறகு இந்த ஊரில் எல்லாரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறவர்களாகிவிட்டார்கள். அந்த உலகத்தில் யாரும் வாய் பேசுவதில்லை. தட்டச்சு செய்தால் சொல் தலைக்கு மேலே எழுத்தாக மிதக்கிறது, எந்த மொழியானாலும் தமிழாகிவிடுகிறது. அங்கே நான் செவிடன் இல்லை.

கடல் இருக்கிறது. தீவுகள் இருக்கின்றன. சிலர் நடக்கிறார்கள், சிலர் பறக்கிறார்கள். ஒரு ஆள் எழுந்து டீ குடிக்கப் போனால் அவன் உருவம் நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். அவன் திரும்பி வந்து விசையைத் தொட்டால் நிமிரும். கடற்கரையில் பத்துப் பேர் இப்படித் தலை குனிந்து நிற்கும்போது நான் நடுவே நடந்து போவேன். எல்லாரும் எங்கேயோ போயிருக்கிறார்கள், எப்படியும் திரும்பி வருவார்கள்.

கரையோரம் என் கடை. தகடு போட்ட ஷெட்தான், நானே கட்டினேன். அந்த இடத்தில் சூரியனை மாலை ஐந்தரைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். முதல் ஷிப்டு ஓவர்டைம் முடிந்து கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட்டை விட்டு வெளியே வரும் நேரம் அது. அந்த வெளிச்சத்தில் எந்த நிறமும் பொய் சொல்லாது.

வேலை என்ன என்று கேட்டாய். மனித உடம்பைப் பிரித்து, பாய் மாதிரி தட்டையாக விரித்து, ஒரு சதுரத்துக்குள் வைத்துத் தருகிறார்கள்: முன்பக்கம், முதுகு, கை. அதன்மேல் துணியின் படத்தை வரைய வேண்டும். அதை உடம்பில் சுற்றும்போது இடுப்போரத்தில் கோடும் கோடும் சேர வேண்டும். பிள்ளைகள் இதற்கு மாதக்கணக்கில் வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. உலைப் புகை போகும் குழாயைத் தகட்டில் விரித்து முப்பத்தொரு வருடம் வெட்டுவதற்கு மார்க்கிங் போட்டவன் நான். உருண்டையைத் தட்டையில் பார்ப்பதுதான் என் தொழில். மார்க்கிங் நான் போடுவேன், கையெழுத்து வேறொருவன் போடுவான், வருகைப் பதிவேட்டில் கடைசிவரை ஹெல்பர். ஐ.டி.ஐ. படிக்காத குற்றம். இங்கே யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

அந்தச் சேலையின் நெல்மணிகளைத் துணிப்படமாக்கப் போகிறேன். அன்று நான் வரைந்த கிராப் தாளைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே சேலை வேண்டும்.

ஆதிநாராயணன்


மணவாள நகர்,
30.7.2025

அன்புள்ள தம்பி,

வலது கண்ணும் முடிந்தது. இப்போது சுவரில் போன வருடம் அடித்த வெள்ளையில் எங்கே தூரிகை திரும்பியது என்றுகூடத் தெரிகிறது. உன் அழுத்தத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடு. கன்னியம்மா முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், உனக்கில்லை.

உன் கடிதத்தைப் பிருந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாமா தாத்தா கடைக்கு நானும் போணும்" என்கிறாள். அவளுக்கும் எனக்கும் சில சந்தேகங்கள். அங்கே மழை பெய்தால் துணி நனையுமா? துவைக்க வேண்டுமா? நீ எப்படி இருக்கிறாய், இதே வழுக்கைத் தலையா, இல்லை கிருதா வைத்துக்கொண்டாயா? இரண்டு பேர் ஒரே துணி போட்டுக்கொண்டு வந்தால் சண்டை வராதா?

நேற்று ஒரு கனவு. கடல்மேல் நடக்கிறேன். பாதம் நனையவில்லை. கரையில் நீ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறாய். "டேய் ஆதி, எந்திரிடா, டீ ஆறிப்போவுது" என்கிறேன். நீ நிமிரவில்லை. அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன். சென்ட்ரலில் இறங்கி அரக்கோணம் வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

அக்கா


கவரைப்பேட்டை,
8.8.2025

அக்காவுக்கு,

கண் இரண்டும் தெளிந்தது நல்லது. தைலம் வந்தது. கன்னியம்மா தேய்த்துக்கொண்டு வீடெல்லாம் கற்பூர வாசனை.

பிருந்தாவுக்குச் சொல்: மழை பெய்யும், துணி நனையாது. துவைக்க வேண்டாம். தலை வழுக்கைதான். இல்லாத முடியை வரைந்துகொள்ளும் ஆள் நான் இல்லை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். சேலை என்ற சொல்லை மட்டும் காணோம்.

இனி வேடிக்கை இல்லை, நாள் குறித்தாகிவிட்டது. அந்த உலகத்தில் ஒரு நடனக் குழு இருக்கிறது. தலைவி வைத்துக்கொண்ட பெயரைத் தமிழில் சொன்னால் நீலநாரை. எந்த நாடு என்று நான் கேட்டதில்லை. எனக்கு மத்தியானமாக இருக்கும்போது அவளுக்கு விடிகிறது. வருகிற ஜனவரிப் பௌர்ணமியன்று நாற்பது பேர் கடல்மேல் ஆடுவார்கள். நாற்பது பேருக்கும் உடை தர இரண்டு கடைகளிடம் மாதிரி கேட்டிருக்கிறாள், பிடித்ததை எடுத்துக்கொள்வாள், ஒன்று என்னுடையது. நினைவிலிருந்து நெல்மணியை வரைந்து ஒரு மாதிரி கொடுத்தேன். விளிம்பு விளிம்போடு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தது. அவள் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். தலைக்கு மேலே எழுத்து வந்தது: "அழகாக உள்ளது. ஆனால் நான் ஒரு கதவை அணிந்திருக்கிறேன்."

கதவாம். என் வாழ்நாளில் இரண்டாவது முறையாக அந்த நெல்மணியைப் பழித்திருக்கிறார்கள். முதல் முறை உனக்கு நினைவிருக்கும். பிருந்தாவுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். கம்பெனியில் கால் வழுக்காமலிருக்கத் தரையில் போடும் இரும்புத் தகடு ஒன்று உண்டு, செக்கர் பிளேட். ஒரு மணி நின்றாற்போல், ஒரு மணி படுத்தாற்போல், முடிவே இல்லாமல் போகும். எவ்வளவோ வருடம் அதன்மேல் நடந்து எனக்கு அது வயல் மாதிரி தெரிய ஆரம்பித்தது. கிராப் தாளில் வரைந்து அம்மையார்குப்பம் தறிக்காரரிடம் கொடுத்து, நூலும் பட்டும் கலந்து நெய்து வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் ஒரு வாய் சொன்னது, "பஸ் படிக்கட்டு மாதிரி கீது." பெண் வேறு பட்டோடு மேடைக்கு வந்தாள். நான் சாப்பிடாமல் வெளியே வந்தேன். இனி உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொன்னேன், நனைக்கவில்லை.

அந்த வாய் யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை.

சேலை கையில் இருந்தால் கதவு என்றவளுக்குக் காட்டுவேன், இது துணிதான் என்று. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆதிநாராயணன்


மணவாள நகர்,
25.9.2025

தம்பிக்கு,

பதில் தாமதம். மாமாவுக்குக் காய்ச்சல், பிறகு பிருந்தாவுக்கு, பிறகு எனக்கு. வரிசை தவறாமல் வந்துபோனது. நீ மழையில் நனையாதே.

சம்பந்தி வீட்டில் எத்தனையோ வாய்கள். நாம் என்ன செய்ய முடியும்?

தம்பி, நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தகடு தெரியும். துணி தெரியுமா? தகடு விறைத்து நிற்கும், துணி சொன்ன இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் உட்காரும், இடுப்பில் பிள்ளை ஏறினால் அந்தப் பக்கம் சரியும். அந்த நாரைப்பெண் சொன்னது அதுவாக இருக்கலாம்.

சேலையை மேலே அட்டத்தில் ஏற்றிவைத்த பெட்டியில் தேட வேண்டும். அதைவிட, அதே தறிக்காரர் இருந்தால் புதிதாக ஒன்று நெய்யச் சொல்லட்டுமா? நர்மதா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். புதியது பளிச்சென்று இருக்கும், உன் படத்துக்கும் நல்லது.

அக்கா


கவரைப்பேட்டை,
3.10.2025

பூவம்மாள் அவர்களுக்கு,

காய்ச்சல் போனதில் மகிழ்ச்சி.

புதியது வேண்டாம். எனக்குத் துணி தெரியாது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, அந்தத் துணி எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. விற்றிருந்தால் விற்றேன் என்று எழுது. பாத்திரக்காரனிடம் போட்டிருந்தால் எந்தப் பாத்திரம் வாங்கினாய் என்று எழுது. அதைக் கொண்டு அலமாரி துடைக்கிறீர்கள் என்றால் அதையும் எழுது. பதினோரு வருடம் பொறுத்தவன் அதையும் பொறுப்பேன். பூசி மெழுகினால் இதுவே கடைசிக் கடிதம்.

ஆ. ஆதிநாராயணன்
ஹெல்பர் (ஓய்வு)


மணவாள நகர்,
10.11.2025

தம்பி,

உன் சேலை இதோடு வருகிறது. பார்சலைப் பிரிக்கும் முன் இதைப் படி. ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தால் உட்கார்ந்து படி.

இரண்டு முனையிலும் கயிற்றுச் சுருக்கம் இருக்கும். தூளி கட்டினோம்.

இரண்டு வருடம் பெட்டியில் இருந்தது. பிருந்தா பிறந்து மூன்றாம் மாதம், தூளியாகக் கட்டியிருந்த பருத்திப் புடவை நடுவில் கிழிந்தது. நர்மதா பெட்டியைத் திறந்து இதை எடுத்தாள். "வேணாண்டி, அது மாமா சீரு" என்றேன். "எனுக்குத்தான குடுத்தாரு? நான் எம் புள்ளைக்குத் தரேன்" என்றாள். உத்தரத்துக் கொக்கியில் இதுதான் மூன்று வருடம் தொங்கியது. வேறு எதிலும் அந்தப் பிள்ளை தூங்கவில்லை. ஊருக்குப் போனாலும் மடித்து எடுத்துக்கொண்டு போனோம். விழித்துக்கொண்டால் அழாது. உள்ளேயே படுத்துக்கொண்டு விரலால் மணி மணியாகத் தொடும், நின்ற மணி, படுத்த மணி. ஓரத்தில் ஒரு தையல் பார்ப்பாய். பல் முளைக்கும்போது கடித்துப் பிய்த்தது. நான்தான் கருப்பு நூலில் இழையோட்டினேன், சாம்பல் நூல் கிடைக்கவில்லை. நடுவெல்லாம் வெளுத்துத் தொங்கிப்போயிருக்கும். சீர்ச் சேலையைக் கயிறாக்கிவிட்டீர்களா என்று நீ கேட்பாய் என்றுதான் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்த ஐந்து மாதம் ஆனது.

அந்த வாய் சம்பந்தி வீட்டு வாய் இல்லை. என் வாய். நர்மதாவுக்குப் பூ வைத்துக்கொண்டே நான்தான் சொன்னேன், "பஸ் படிக்கட்டு மாதிரி கீதுடி, சிரிப்பாங்க, அவுங்க பட்டையே கட்டிக்கோ" என்று. அவர்கள் யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தம்பி கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அந்தச் சேலை நீ எங்கே நின்று வேலை செய்தாய் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். நீ மண்டபத்தில் சத்தம் போட்டபோது, அவர்கள் சொன்னார்கள் என்று கைகாட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூவம்மாள்


மணவாள நகர்,
16.12.2025

தம்பி ஆதிக்கு,

ஐந்து வாரம். தபால்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

கன்னியம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அண்ணி, பார்சலைப் பிரிச்சி மடியில வெச்சிக்கினு குந்துனவரு, மத்தியானம் கூப்ட்டா எழுந்துக்கல. கம்ப்யூட்டர்ல அவரு பொம்மை தலையைத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது. இந்தாண்ட இவரும் அதே மாதிரி. எனுக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி. அப்பால அத்த நனைக்கிறாரு, காய வெக்கிறாரு, இஸ்திரி போடறாரு. நாலு நாளா இதே வேலை."

என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. பிருந்தா கேட்கிறாள், மாமா தாத்தா நிமிர்ந்துவிட்டாரா என்று.

அக்கா


கவரைப்பேட்டை,
5.1.2026

அக்காவுக்கு,

நிமிர்ந்துவிட்டேன் என்று பிருந்தாவிடம் சொல். அழுத்தம் சரியாக இருக்கிறது. நீ சோற்றை ஒழுங்காகத் தின்னு.

யாருடைய வாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். மணப்பெண் அறை வாசலில் தேங்காய்த் தட்டோடு நான் நின்றிருந்தேன். நீ கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாய். காது மந்தமானவன் எதிரில் யாரும் உதட்டை மறைப்பதில்லை. சொன்னதற்காக நான் இவ்வளவு வருடம் கோபமாக இல்லை. பஸ் படிக்கட்டு மாதிரிதான் இருந்தது, அதைப் பார்த்துத்தானே வரைந்தேன். நீ அதை வேறொருவர் தலையில் வைத்தாய், அதற்குத்தான். இப்போது எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். அந்தக் கணக்கு அதோடு சரி. சூப்பர்வைசர் என்று சொன்னது தனிக் கோபம். அது இருக்கட்டும்.

சேலையை நேராக்கப் பார்த்தேன். நனைத்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, இஸ்திரி போட்டு, மேலே கல்லும் வைத்தேன். நடுப்பகுதி அடங்கவில்லை. கன்னியம்மா கத்தியதை அவள் உதட்டில் படித்தேன்: "அத்த உடு! புள்ள படுத்த துணி, அது இன்னா தகடா நிமுத்தறதுக்கு?"

பிறகு கொக்கியில் தூளியாகவே கட்டினேன். உள்ளே பத்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். அக்கா, மணிகள் எல்லாம் அசைந்து அவற்றின் இடத்துக்குப் போயின. பையின் முதுகுப்பக்கம் வட்டமாக விரிந்தன, ஓரத்தில் நெருங்கின, மேலே போகப் போக நீண்டு கயிற்றுக்குள் ஓடின. முப்பத்தொரு வருடம் உருண்டையைத் தட்டையாக்கினேன். பாரம் ஏறினால் தட்டை எப்படி உருளும் என்று உன் வீட்டில் ஒரு பிள்ளை மூன்று வருடம் படுத்து வரைந்துவைத்திருக்கிறது. மத்தியான வெளிச்சத்தில் சாண் சாணாகப் படம் எடுத்து, ஒட்டி, துணிப்படமாக்கினேன். வெளுத்ததை வெளுத்தபடி விட்டேன்.

நீலநாரை போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். பிறகு எழுத்து வந்தது: "கதவு திறந்துவிட்டது." இடுப்போரத்தில் கருப்பாக ஏதோ இருக்கிறதே, அழித்துவிடலாமா என்று கேட்டாள். அது ஒரு பிள்ளை பல் முளைக்கும்போது கடித்த இடம், அழிப்பதாக இருந்தால் வேறு கடை பார் என்றேன். அழிக்கவில்லை.

நேற்று முன்தினம் பௌர்ணமி. முதல் முறையாக என் கடையில் நிறுத்திவைத்த சூரியனை அவிழ்த்துவிட்டேன். அது பாட்டுக்கு இறங்கிக் கடலுக்குள் போயிற்று. நாற்பது பேர் நீர்மேல் வந்தார்கள். நாற்பது இடுப்பிலும் உன் கருப்புத் தையல். எல்லாருக்கும் பாட்டு கேட்டதாம், எனக்குத் தேவைப்படவில்லை. துணி ஒரு பக்கம் போய், நின்று, மறு பக்கம் வந்தது. யாரோ காலால் ஆட்டிவிடுகிற மாதிரி இருந்தது. கரையில் தலை தொங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

சேலையைத் திருப்பித் தரமாட்டேன்.

அந்தத் தறிக்காரரின் மகன் தறி ஓட்டுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிருந்தாவுக்கு ஒரு பாவாடைக்கு நெய்யச் சொல்லப்போகிறேன். நெல்மணிதான், மாற்றமாட்டேன். இடுப்புச் சுற்றளவு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை உயரம், இரண்டையும் எடுத்து அனுப்பு. டேப்பை இழுத்துப் பிடிக்காதே.

உன் தம்பி,
ஆதி


மணவாள நகர்,
17.1.2026

ஆதிக்கு,

பொங்கல் நன்றாகப் பொங்கியது. எல்லாரும் சுகம். உன் கடிதத்தை நர்மதா படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சற்று நேரம் கழித்து வந்தாள். பிருந்தா தன் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அளவு அனுப்பமாட்டேன். எனக்குத்தான் டேப் பிடிக்கத் தெரியாதே. மார்க்கிங் போடத் தெரிந்தவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

பூவம்மாள்


கவரைப்பேட்டை,
24.1.2026

அக்காவுக்கு,

இருவரும் சுகம். கன்னியம்மா முழங்கால் படி ஏறும் என்று சொல்கிறாள்.

பிப்ரவரி முதல் தேதி ஞாயிறு. பத்தரை மணிக்குள் மணவாள நகரில் இருப்போம். டேப் என்னுடையது.

உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆகவே அடுப்பு மூட்டாதே. சோறு, சாம்பார், வாழைக்காய் வறுவல், பாயசம் எல்லாம் இங்கிருந்து வருகிறது. கை கழுவத் தண்ணீரும் எங்கள் பாட்டிலில்தான். கேரியர் இரண்டு, ஒவ்வொன்றும் நாலு அடுக்கு. மாப்பிள்ளையையும் ஓசூரிலிருந்து வரச் சொல். பதினோரு வருடத்துக்கு முன் சாப்பிடாமல் வந்த பந்தி அது. இலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

என்னை யார் என்று யாராவது கேட்டால் ஹெல்பர் என்று சொல்.

ஆதி